கோரை எண்ணும் முன் ஜிபியை எண்ணுங்கள்: நிரலாக்கம், விஎம், உள்ளூர் ஏஐ மூன்றுக்கும் ஒரே டெஸ்க்டாப்

முதன்முறையாக ஒர்க்ஸ்டேஷன் வாங்குபவர்கள் பெரும்பாலும் பிராசஸரில்தான் தொடங்குகிறார்கள். 12 கோரா 16 கோரா என்று இரண்டு வாரம் ஒப்பிட்டுவிட்டு, மீதிப் பணத்துக்குள் ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிறார்கள். கணினி வந்த பிறகு பார்த்தால் கோர்களில் பாதி சும்மா கிடக்கும். ரேமோ நிரம்பி வழியும், ஏஐ மாடல் கார்டுக்குள் ஏற மறுக்கும்.

பிராசஸர் போதவில்லை என்றால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். நினைவகம் போதவில்லை என்றால் வேலை நடக்கவே நடக்காது. அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது: முதலில் நினைவகக் கணக்கு, அடுத்து கிராபிக்ஸ் கார்டு, பிறகு ரேம், அதற்கும் பிறகுதான் பிராசஸர்.

படி 1: உங்கள் வேலையை ஜிபியில் எழுதுங்கள்

இப்போது கையில் இருக்கும் கணினியிலேயே தொடங்கலாம். வழக்கமான ஒரு வேலை நாளில் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, ரேம் உச்சத்தில் எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் மேல், புதிதாகச் செய்யப்போகும் வேலைகளைக் கூட்டுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு:

- இயங்குதளமும் டெஸ்க்டாப்பும்: 4 ஜிபி
- பிரவுசர்: 6 ஜிபி
- ஐடிஇயும் (நிரல் எழுதும் மென்பொருள்) அதன் மொழி சர்வர்களும்: 6 ஜிபி
- டேட்டாபேஸ், கேஷ், க்யூ என நாலைந்து டாக்கர் கன்டெய்னர்கள் (தனித்தனியாக அடைத்து ஓட்டும் மென்பொருள்கள்): 6 ஜிபி
- ஒரு விண்டோஸ் 11 விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி): 8 ஜிபி
- குபர்நெட்டிஸ் (பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) பழக மூன்று சிறிய லினக்ஸ் விஎம்கள், தலா 4 ஜிபி: 12 ஜிபி

மொத்தம் 42 ஜிபி. இதன் மேல் கால் பங்கு சேர்த்தால் 52 சொச்சம். எனவே 64 ஜிபி ரேம் வேண்டும். 32 ஜிபி போதும் என்று நினைத்தவருக்கு இந்தக் கணக்கு இங்கேயே விடை சொல்லிவிடும்.

விண்டோஸ் 11 விஎம்முக்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது நிறுவ மட்டுமே போதும். உள்ளே ஒரு ஐடிஇ திறந்தால் 8 ஜிபி கேட்கும். பிராசஸர் கோர்களை விஎம்களுக்கு இருப்பதைவிட அதிகமாகப் பங்கு போடலாம். எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவது அரிது. ரேமில் அந்த விளையாட்டு செல்லாது. ரேம் தீர்ந்து ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் எஸ்எஸ்டி இடம்) விழுந்த விஎம் பெயருக்குத்தான் ஓடும்.

சி++ அல்லது ரஸ்ட்டில் பெரிய திட்டங்களைக் கம்பைல் செய்பவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு இணை வேலைக்கும் 1 முதல் 2 ஜிபி வரை ரேம் போகலாம். 32 த்ரெட்டுள்ள பிராசஸரில் 32 வேலைகளை ஒன்றாக ஏவினால் 64 ஜிபி வரை விழுங்கும். லிங்க் செய்யும் கட்டத்தில் கம்பைலர் காரணம் சொல்லாமல் செத்தால், ரேம் தீர்ந்து கெர்னல் அதைக் கொன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணை வேலைகளைப் பாதியாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 2: மாடலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்

மாடல் வேகமாக ஓட, கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகமான விரேமுக்குள் அடங்க வேண்டும். மாடலின் அளவைத் தோராயமாகச் சொல்வது எளிது. 16-பிட்டில் ஒரு பாராமீட்டருக்கு (மாடலின் உள்ளே இருக்கும் எண்) 2 பைட், 8-பிட்டில் 1 பைட். பரவலாகப் புழங்கும் 4-பிட் கோப்புகளில் 0.6 பைட்டுக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் 4-பிட்டில்:

- 8 பில்லியன் பாராமீட்டர் மாடல்: சுமார் 5 ஜிபி
- 14 பில்லியன்: சுமார் 9 ஜிபி
- 32 பில்லியன்: சுமார் 20 ஜிபி
- 70 பில்லியன்: சுமார் 42 ஜிபி

புதியவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உரையாடல் நீள நீள வளரும் கேவி கேஷ் என்று ஒன்று இருக்கிறது. இதுவரை வந்த டோக்கன்களின் (சொல் துண்டுகளின்) கணக்கீடுகளை மாடல் வைத்திருக்கும் இடம் அது. லாமா 3.1-இன் 8 பில்லியன் மாடலை எடுத்துக்கொள்வோம். அதில் 32 அடுக்குகள், அடுக்குக்கு 8 கேவி ஹெட்கள், ஹெட்டுக்கு 128 எண்கள், கீ ஒன்று வேல்யூ ஒன்று, எண்ணுக்கு 2 பைட். பெருக்கினால் ஒரு டோக்கனுக்கு 128 கேபி. 8,192 டோக்கனுக்கு 1 ஜிபி. 32,768 டோக்கனுக்கு 4 ஜிபி. அந்த மாடலின் முழு 1,28,000 டோக்கன் கான்டெக்ஸ்டையும் (ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய உரையின் நீளம்) திறந்தால் சுமார் 16 ஜிபி, அதாவது மாடலைப் போல மூன்று மடங்கு. கேஷை 8-பிட்டில் வைத்தால் இது பாதியாகும்.

ஆகவே 20 ஜிபி மாடல் 24 ஜிபி கார்டில் ஏறுகிறதே என்று மகிழ்ந்தால், மிஞ்சிய 4 ஜிபியில் கேஷும், கணக்கீட்டுக்கான தற்காலிக இடமும், மானிட்டர் கார்டிலேயே செருகியிருந்தால் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் அடங்க வேண்டும். கோடு (நிரல்) எழுதும் ஏஐ ஏஜென்ட்களுக்கு நீண்ட கான்டெக்ஸ்ட் அவசியம். அவற்றை ஓட்டுபவர்களுக்கு இது நெருக்கடிதான்.

மாடலைப் பயிற்றுவிக்கும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. ஆடம் என்ற பயிற்சி வழிமுறையோடு வழக்கமான முறையில் முழுப் பயிற்சி தர, பாராமீட்டருக்கு ஏறத்தாழ 16 பைட் வேண்டும். 7 பில்லியன் மாடலுக்கு 112 ஜிபி ஆகிவிடும். ஒற்றை டெஸ்க்டாப் கார்டு எதுவும் அதைத் தாங்காது. 4-பிட் மாடலின் மேல் சிறிய அடாப்டரை மட்டும் பயிற்றுவிக்கும் க்யூலோரா முறை என்றால் 16, 24 ஜிபி கார்டுகளில் அதே அளவு மாடலை வைத்து வேலை பார்க்கலாம்.

கார்டு வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். அதே விரேம் கொண்ட கார்டை மேகக் கணினியில் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்து, நீங்கள் ஓட்ட நினைக்கும் மாடலை உங்கள் உண்மையான வேலையில் சோதியுங்கள். 32 பில்லியன் மாடலின் தரம் உங்களுக்குப் போதவில்லை என்பது கார்டு வந்த பிறகு தெரிந்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

படி 3: வேகம் எங்கிருந்து வருகிறது

சாதாரண மாடல் ஒவ்வொரு டோக்கனை உருவாக்கும்போதும் தன் எல்லாப் பாராமீட்டர்களையும் ஒருமுறை நினைவகத்திலிருந்து படிக்கிறது. அதனால் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியில், நொடிக்கு எத்தனை டோக்கன் என்பதன் உச்சவரம்பைக் காண ஒரே ஒரு வகுத்தல் போதும்: நினைவகப் பேண்ட்விட்த்தை (நொடிக்கு எத்தனை ஜிபி படிக்கலாம் என்ற அளவு) மாடலின் அளவால் வகுங்கள்.

இரட்டைச் சேனல் (பிராசஸருக்கு இரண்டு தரவுப் பாதைகள்) டிடிஆர்5-5600 ரேம் நொடிக்கு 89.6 ஜிபி தருகிறது (2 சேனல், சேனலுக்கு 8 பைட், 5600 மில்லியன் பரிமாற்றம்). ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 16 ஜிபி கார்டு 288 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 448. ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு 936. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 1,008. 32 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 1,792.

42 ஜிபி மாடலை வெறும் ரேமில் ஓட்டினால் நொடிக்கு இரண்டு டோக்கன்தான் உச்சம். எத்தனை கோர் இருந்தாலும் இதே கதை. கோர்கள் தரவுக்காகக் காத்துக்கிடக்கும். 20 ஜிபி மாடலை 3090 கார்டில் ஓட்டினால் உச்சம் 47. நடைமுறையில் இந்த உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3090 கார்டு 2020-இல் வந்தது. அதற்கு இன்றும் கிராக்கி குறையாததற்கு அதன் 24 ஜிபி விரேமும் 936 ஜிபி பேண்ட்விட்த்தும்தான் காரணம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. எம்ஓஇ எனப்படும் நிபுணர் கலவை மாடல்கள், மொத்தப் பாராமீட்டர்களில் சிறு பகுதியை மட்டுமே ஒவ்வொரு டோக்கனுக்கும் தொடுகின்றன. க்வென்3 குடும்பத்தில் ஒரு மாடலுக்கு மொத்தம் 30 பில்லியன் பாராமீட்டர், இயங்குபவை சுமார் 3 பில்லியன். ஓபன்ஏஐ 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஜிபிடி-ஓஎஸ்எஸ்-120பி மாடலுக்கு மொத்தம் 117 பில்லியன், இயங்குபவை 5.1 பில்லியன், கோப்பு 60 ஜிபிக்குச் சற்று மேல். இத்தகைய மாடல்களுக்கு இடம் நிறைய வேண்டும், டோக்கனுக்குப் படிக்க வேண்டியதோ குறைவு. நிபுணர் அடுக்குகளைச் சாதாரண ரேமிலும் மற்றவற்றைக் கார்டிலும் வைத்தால், 16 ஜிபி கார்டோடும் பயன்படுத்தக்கூடிய வேகம் கிடைக்கும். விஎம்களுக்காக வாங்கும் அதே ரேம் இங்கேயும் உழைக்கிறது. இந்த மூன்று வேலைகளையும் ஒரே பெட்டியில் வைப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

ஆனால் உருவாக்கும் வேகம் மட்டும் வேகம் அல்ல. நீங்கள் தரும் கேள்வியையும் நிரலையும் மாடல் முதலில் வாசிக்க வேண்டும். அந்தக் கட்டம் பேண்ட்விட்த்தைவிடக் கணக்கீட்டுத் திறனையே அதிகம் நம்பியிருக்கிறது. பிராசஸரில் ஓட்டும்போது 30,000 டோக்கன் நிரலைக் கொடுத்தால், முதல் சொல் வருவதற்குள் பல நிமிடம் ஓடிவிடலாம். ரேமை மட்டும் நம்பி, நல்ல கார்டு இல்லாமல் கோடு ஏஜென்ட் ஓட்டுவது இங்கேதான் கசக்கும். ரேமையே விரேமாகவும் பகிரும் ஒருங்கிணைந்த நினைவக இயந்திரங்களிலும் இதைச் சோதித்துவிட்டே வாங்க வேண்டும். ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395 நொடிக்கு 256 ஜிபி பேண்ட்விட்த்தில் 128 ஜிபி வரை தருகிறது. பெரிய எம்ஓஇ மாடலுக்கு அது அருமை. ஆனால் ரேம் மதர்போர்டுப் பலகையிலேயே ஒட்டியிருப்பதால் பிறகு கூட்ட வழியில்லை.

படி 4: கார்டு

உள்ளூர் ஏஐ என்றால் விரேம் முதலில், பேண்ட்விட்த் இரண்டாவது, மற்றவை பிறகு. 12 ஜிபி வேகக் கார்டா, 16 ஜிபி மந்தக் கார்டா என்றால் 16 ஜிபியையே எடுங்கள். 8 ஜிபி கார்டு இந்த வேலைக்கு வேண்டாம்.

மென்பொருள் ஆதரவில் என்விடியாவின் கூடா (கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் மென்பொருள் தளம்) இன்னும் முன்னால் நிற்கிறது. ஏஐ நிரல் தொகுப்பான பைடார்ச்சில் எழுதிய புதுப் பரிசோதனைக் கோடு எதுவும் முதலில் ஓடுவது அங்கேதான். ஏஎம்டி கார்டுகளில் லாமா.சிபிபி, ஒல்லாமா போன்ற மென்பொருள்களால் மாடலை ஓட்டுவது சிரமமில்லை. ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 24 ஜிபியும் 960 ஜிபி பேண்ட்விட்த்தும் தருகிறது. மாடலோடு பேச மட்டும் என்றால் ஏஎம்டி போதும். ஆராய்ச்சி நிரலைக் குடைவதற்கென்றால் என்விடியாவே நிம்மதி.

விண்டோஸில் ஒரு பொறி உண்டு. விரேம் தீர்ந்தால் என்விடியா டிரைவர் பிழை காட்டாமல், மிச்சத்தைச் சாதாரண ரேமுக்குத் தள்ளிவிடும். மாடல் ஓடும், ஆனால் பல மடங்கு மெதுவாக. கார்டு பழுது என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் கூடாவுக்கான சிஸ்டம் மெமரி ஃபால்பேக் அமைப்பை நிறுத்திவைத்தால், இடம் இல்லாதபோது நேரடியாகப் பிழை வரும். அதுவே நல்லது.

பழைய 3090 வாங்கினால் நினைவகச் சில்லுகளின் வெப்பத்தைப் பாருங்கள். அந்தக் கார்டில் சில்லுகள் பலகையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பின்பக்கச் சில்லுகளுக்கு விசிறிக் காற்று கிடைப்பதில்லை. மெமரி ஜங்ஷன் வெப்பம் 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் மாடலை ஓட்டிப் பார்த்து 100-ஐத் தாண்டினால், வெப்பப் பட்டைகளை மாற்ற வேண்டியிருக்கும் என்று விலை பேசுங்கள்.

இரண்டு கார்டு போட்டால் இடம் கூடும், வேகம் அதே விகிதத்தில் கூடாது. வழக்கமான முறையில் மாடலின் அடுக்குகளைப் பாதி பாதியாகப் பிரிக்கும்போது ஒரு கார்டு வேலை செய்கையில் மற்றது காத்திருக்கிறது. ஆனால் 42 ஜிபி மாடலை இரண்டு டோக்கன் வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் பதினைந்துக்குப் பக்கத்தில் ஓட்டலாம் என்றால் அந்த இடமே பெரிய லாபம்.

படி 5: ரேம்

இரண்டே குச்சிகள் வாங்குங்கள். இந்த ஒரு வரியைக் கேட்காமல் அவதிப்படுபவர்கள் ஏராளம். டிடிஆர்5 டெஸ்க்டாப் பலகைகளில் நான்கு ஸ்லாட் இருந்தாலும் சேனல் இரண்டுதான். நான்கையும் நிரப்பினால் சிக்னல் சிரமப்படும், வேகம் இறங்கும். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் வேகம் இரண்டு குச்சிக்கு 5600, நான்கு குச்சிக்கு 3600. பேண்ட்விட்த்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இதைவிட வேகமாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது உங்கள் பலகை, உங்கள் பிராசஸர், உங்கள் அதிர்ஷ்டம் மூன்றும் சேர வேண்டிய காரியம்.

எனவே 64 வேண்டும் என்றால் 2×32, 96 என்றால் 2×48, 128 என்றால் 2×64. இன்று 2×16 வாங்கி நாளை இன்னொரு 2×16 சேர்க்கலாம் என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தோடு முடிந்தது. ஒரே பெட்டியில் சோடியாக விற்பதையே எடுங்கள். தனித்தனியாக வாங்கியவை ஒரே மாடல் எண்ணாக இருந்தாலும் உள்ளே வேறு சில்லு இருக்கக்கூடும்.

டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறது என்பதைப் படித்துவிட்டு அதை ஈசிசி (பிராசஸர் வரை முழுப் பாதையிலும் பிழைதிருத்தும் ரேம்) என்று நினைக்க வேண்டாம். அது சில்லுக்கு உள்ளே நடக்கும் பிழையை மட்டும் திருத்தும். சில்லுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பிழையைப் பார்க்காது, இயங்குதளத்துக்கு எதையும் தெரிவிக்கவும் செய்யாது. மாதக்கணக்கில் அணைக்காமல் டேட்டாபேஸ் விஎம்கள் ஓட்டுபவர்கள் உண்மையான ஈசிசி குச்சியையும், அதை ஆதரிப்பதாகக் கையேட்டில் எழுதியிருக்கும் பலகையையும் தேடலாம். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

128 ஜிபிக்கு வெகு மேலே போக வேண்டும் என்றால் ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் போன்ற ஒர்க்ஸ்டேஷன் தளங்கள்தான். சாதாரணத் த்ரெட்ரிப்பரில் நான்கு சேனல், ப்ரோவில் எட்டு. அவற்றுக்கு ஆர்டிம் (RDIMM) எனும் சர்வர் வகை ரேம் வேண்டும். டெஸ்க்டாப் ரேம் அந்த ஸ்லாட்டில் பொருந்தாது.

படி 6: பிராசஸர்

இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. விஎம் குறைவு, கம்பைல் நடுத்தரம் என்றால் 8 கோர். நாள் முழுக்கக் கம்பைல், ஐந்தாறு விஎம் என்றால் 12 அல்லது 16. ரைசன் 9 9950எக்ஸ் 16 கோர், 32 த்ரெட். முழுச் சுமையில் 230 வாட் வரை இழுக்கும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) 105 வாட் ஈகோ மோடு வைத்தால் வேகத்தில் இழப்பது கொஞ்சம், இரைச்சலில் குறைவது நிறைய.

இன்டெலில் வேகக் கோர், சிக்கனக் கோர் என இரண்டு வகை கலந்திருக்கின்றன. எந்த விஎம் எந்தக் கோரில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறலாம். லினக்ஸின் விஎம் மென்பொருளான கேவிஎம்மில் விஎம்மைக் குறிப்பிட்ட கோர்களோடு கட்டிப்போட்டு இதைச் சரிசெய்யலாம். பழைய 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸரை வாங்குவதாக இருந்தால் கவனம் தேவை. அவற்றில் மின்னழுத்தச் சிக்கலால் நிலையாமை ஏற்பட்டு, 2024-இல் இன்டெல் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. திருத்தம் மேலும் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது.

உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசஸரையே எடுங்கள். பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து வருபவற்றைத் தவிருங்கள். மானிட்டரை மதர்போர்டில் செருகிவிட்டால் கார்டின் விரேம் முழுவதும் மாடலுக்குக் கிடைக்கும்.

படி 7: மதர்போர்டின் லேன் கணக்கு

பலகையின் விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, கையேட்டைத் தரவிறக்கி ஸ்லாட் அட்டவணையைப் படியுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. இரண்டாவது நீளமான ஸ்லாட் மின்னிணைப்பில் எத்தனை லேன் (தரவுப் பாதை)? பல பலகைகளில் அது வடிவத்தில்தான் 16; உள்ளே 4 லேன்தான், அதுவும் சிப்செட் வழியாக. அடுத்து, எந்த எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் எது பாதி லேனை இழக்கிறது அல்லது எந்த சாட்டா போர்ட் அணைகிறது? கடைசியாக, இரண்டு கார்டு போட்டால் 8+8 எனப் பிரியுமா?

டெஸ்க்டாப் ரைசனில் பயன்படுத்தக் கிடைப்பது 24 லேன்: கார்டுக்கு 16, மீதி எம்.2 வகையறாவுக்கு. இரண்டு கார்டுக்கு 8+8 நன்றாகவே போதும். 4 லேனிலும் அடுக்கு பிரித்து ஓட்டும் மாடல் பெரிதாகத் தடைபடாது, ஏற்றும் நேரம்தான் நீளும். ஸ்லாட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். மூன்றரை ஸ்லாட் தடிமனுள்ள கார்டுக்குக் கீழே இன்னொன்று நுழையாத பலகைகளே அதிகம்.

படி 8: எஸ்எஸ்டி

இரண்டு எடுங்கள்: இயங்குதளத்துக்கும் கோடுக்கும் 1 டிபி, விஎம்களுக்கும் மாடல்களுக்கும் 2 அல்லது 4 டிபி. 40 ஜிபி மாடலை நொடிக்கு 7 ஜிபி படிக்கும் பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி ஆறு நொடியில் ஏற்றும். சாட்டா எஸ்எஸ்டிக்கு ஒன்றேகால் நிமிடம் ஆகும். வன்தட்டில் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

மலிவான க்யூஎல்சி (ஒரு செல்லில் 4 பிட் அடைக்கும்) எஸ்எஸ்டி மாடல் கோப்புகளை வைக்க ஏற்றது. அவை ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கப்படுபவை. விஎம்களுக்கு ஆகாது. அதன் வேகக் கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் வன்தட்டு அளவுக்கு விழக்கூடும். ஒரு விஎம்மின் ஸ்னாப்ஷாட்டை (சேமித்துவைத்த முந்தைய நிலை) ஒன்றிணைக்கும்போது மற்ற எல்லா விஎம்மும் உறைந்து நிற்கும். விஎம்களுக்கு டிராம் கேஷ் உள்ள டிஎல்சி (செல்லுக்கு 3 பிட்) எஸ்எஸ்டிதான்.

படி 9: மின்சாரமும் காற்றும்

கார்டின் உச்ச வாட், பிராசஸரின் உச்ச வாட், மற்றவற்றுக்கு 100 – மூன்றையும் கூட்டி 1.3-ஆல் பெருக்குங்கள். 3090-க்கு 350, பிராசஸருக்கு 230, மற்றவை 100: 680. பெருக்கினால் 884; வாங்க வேண்டியது 1,000 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). ஏன் இந்தக் கூடுதல்? கார்டுகள் மில்லிநொடி அளவில் தங்கள் எல்லையைத் தாண்டி மின்சாரத்தை உறிஞ்சும். அதைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் தற்காப்பாக அணைந்துவிடும். நீலத்திரையும் இல்லாமல் பிழைச் செய்தியும் இல்லாமல் கணினி பட்டென்று இருண்டால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தர எஸ்எம்பிஎஸ்கள் இந்தத் துள்ளலைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை.

575 வாட் வரை எடுக்கும் 5090 போன்ற கார்டுகளில் 16 முனை மின் இணைப்பான் இருக்கிறது. அதை முழுவதும் உள்ளே அழுத்துங்கள், இடைவெளி கண்ணுக்குத் தெரியக்கூடாது. இணைப்பானிலிருந்து 35 மி.மீ. வரை கேபிளை வளைக்காதீர்கள். அரைகுறையாகச் செருகிய இணைப்பான்கள் உருகியிருக்கின்றன. கேபினட்டின் பக்கக் கதவு கேபிளை அழுத்துகிறதா என்பதை மூடும் முன் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் கேபிள்களைப் புதியதில் செருக வேண்டாம். வடிவம் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறு. எஸ்எஸ்டியும் வன்தட்டும் ஒரே நொடியில் போய்விடும்.

கார்டின் நீளம், குளிர்விப்பானின் உயரம் இரண்டையும் கேபினட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். பெரிய காற்றுக் குளிர்விப்பான்கள் 165 மி.மீ. வரை இருக்கும். முன்பக்கம் கண்ணாடியாக உள்ளதை விட்டுவிட்டு வலை உள்ளதை எடுங்கள்.

படி 10: முதல் முறை இயக்கும்போது

ரேம் குச்சிகளைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகுங்கள். முதல் முறை இயக்கியதும் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். அது ரேம் பயிற்சி, பழுது இல்லை. பதற்றத்தில் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பயாஸில் இந்த வரிசையில் செல்லுங்கள். முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். பிறகு ரேமின் வேக அமைப்பான எக்ஸ்போ (ஏஎம்டி) அல்லது எக்ஸ்எம்பியை (இன்டெல்) இயக்குங்கள். இல்லாவிட்டால் ரேம் விலைக்கேற்ற வேகத்தில் ஓடாது. அடுத்து மெய்நிகராக்கம்: இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டி பலகைகளில் எஸ்விஎம் என்ற பெயரில் ஒளிந்திருக்கும். கார்டை விஎம்முக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஐஓஎம்எம்யூவும் (வன்பொருளை விஎம்முக்கு ஒதுக்க உதவும் வசதி) வேண்டும். கார்டின் விரேம் முழுவதையும் பிராசஸர் அணுக, அபவ் 4ஜி டிகோடிங், ரீசைஸபிள் பார் இரண்டையும் இயக்குங்கள்.

லினக்ஸில் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்கும்போது என்விடியா டிரைவர் நிறுவி மறுதொடக்கம் செய்தால், ஒரு நீலத் திரை சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். அதைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது, மாடல் பிராசஸரில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

படி 11: விஎம்மும் ஏஐயும் ஒரே பெட்டியில்

கார்டை ஒரு விஎம்முக்கு முழுமையாகக் கொடுத்துவிட்டால் ஹோஸ்டுக்கோ (விஎம்களைத் தாங்கும் மூல இயங்குதளம்) மற்ற விஎம்களுக்கோ அது கிடைக்காது. ஒரு கார்டு மட்டும் இருப்பவர்கள் மாடல் சர்வரை ஹோஸ்டிலேயே ஓட்டி, விஎம்கள் நெட்வொர்க் வழியாக அதை அழைக்கும்படி செய்வதுதான் எளிது. ஒல்லாமா இயல்பாக 127.0.0.1 முகவரியில் 11434 போர்ட்டில் மட்டுமே கேட்கும், அதனால் விஎம்மிலிருந்து எட்டாது. கேட்கும் முகவரியை விஎம்களின் உள் நெட்வொர்க் முகவரியாக மாற்றுங்கள். எல்லா முகவரிக்கும் திறந்துவிட வேண்டாம். அதற்குக் கடவுச்சொல் கிடையாது.

விண்டோஸ் ஹோஸ்டில் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) இயல்பாக மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். அதன் அமைப்புக் கோப்பில் வரம்பு வைக்காமல், விண்டோஸின் ஹைப்பர்-வி விஎம்களுக்கு ரேம் போதவில்லையே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

படி 12: திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் முன்

இயங்குதளம் போடும் முன் ரேம் சோதனைக் கருவியான மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்போவை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொரு குச்சியாகச் சோதித்து, கெட்டது தெரிந்ததும் சோடியாகவே மாற்றுங்கள். பிறகு எஸ்எஸ்டியில் 200 ஜிபியை இடைவிடாமல் எழுதி, வேகம் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, பிராசஸர் முழுவதையும் கம்பைலில் ஈடுபடுத்தி, கூடவே கார்டில் நீண்ட கான்டெக்ஸ்டோடு மாடலை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தனித்தனிச் சோதனையில் தேறிய எஸ்எம்பிஎஸ் இதில்தான் கவிழும். லினக்ஸ் கெர்னல் பதிவில் எக்ஸ்ஐடி (Xid, கார்டின் பிழைக் குறி) உள்ள வரிகளையும், விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ (WHEA, வன்பொருள்) பிழைகளையும் தேடுங்கள். ரைசன் 95 டிகிரி காட்டினால் அதன் வடிவமைப்பே அப்படி. கார்டு விசிறிகள் முழு வேகத்தில் அலறினால் மட்டும் மின் எல்லையைக் குறையுங்கள். 350 வாட் 3090 கார்டை 280-இல் நிறுத்தினாலும் டோக்கன் வேகம் குறைவது சொற்பம். அங்கே இழுபறி பேண்ட்விட்த்தில்தானே. லினக்ஸில் இந்த எல்லை ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அழிந்துவிடும், எனவே அதைத் தொடக்கச் சேவையாக எழுதிவைத்துவிடுங்கள்.